வியாசர்பாடி குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், தெருவிளக்கு மனு, நாய்த் தொல்லை மனு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விளக்கு எரிகிறது, நாய்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி மழைக்கும் வெயிலுக்குமே போனதால் அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாம் பட்டதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அப்போது நமக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. போனில் வந்தது, டிவியில் வந்தது, ஆட்டோவில் மைக் வைத்தும் சொன்னார்கள். ஆனால் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது, பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகுதான் விசாரித்தோம். அதனால்தான் சென்ற பொதுக்குழுவில் தரைத்தளப் பட்டியல் தயாரிப்பது என்று தீர்மானம் போட்டோம்.

அந்தப் பட்டியல் இப்போது ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருக்கிறது. கதவு எண், தரைத்தளத்தில் எத்தனை பேர், தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் உண்டா, தினசரி மாத்திரை என்ன, மெயின் சுவிட்ச் எந்தப் பக்கம், மாடியில் இடம் தரும் வீடு எது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஏற்றலாமே என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். ஏற்றட்டும். ஆனால் கரண்ட் இல்லாத ராத்திரியில் டார்ச் அடித்துப் படிக்க நோட்டுதான் உதவும் என்பது என் கட்சி.

2024 அக்டோபர் 15 அன்று நாள் முழுக்க அடித்த மழையில் நோட்டு முதல்முறை வெளியே வந்தது. மறுநாள் 16-ஆம் தேதிக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை. ஆனால் 16 அன்று பெரிய மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17 அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. "சும்மா பயம் காட்டுறானுங்க" என்று டீக்கடையில் பேச்சு. நம் உறுப்பினர்களே சிலர் பேசினார்கள். சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது அதிகனமழை பெய்யக்கூடும், தயாராகிவிடு என்று பொருள். உன் தெருவில் கட்டாயம் கொட்டும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 600 சதுர அடி மொட்டை மாடியில் 20 சென்டிமீட்டர் பெய்தால் அந்த மாடியிலிருந்து மட்டும் ஏறக்குறைய 11 ஆயிரம் லிட்டர் தெருவுக்கு இறங்குகிறது. 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றில் வருவதைவிட அதிகம். தெருவில் எத்தனை மாடி என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அந்த இரண்டு நாட்களில் புழல் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. அதைக் கேட்டுத் தாலி, பாஸ்புக் எல்லாம் மூட்டை கட்டிய வீடுகள் உண்டு. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புழல் உபரி நீர் மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. பூண்டியில் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து அதே எண்ணூரில்தான் சேர்கிறது. 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியது அந்த ஆற்றால். அங்கே உறவினர் இருப்பவர்கள் ஏரிச் செய்தியைக் கவனியுங்கள். நமக்குத் தண்ணீர் வருவது வேறு வழி. பெய்கிற மழை கேப்டன் காட்டன் கால்வாயில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயைச் சேர வேண்டும். பக்கிங்காம் நிறைந்து, கடலிலும் ஏற்றம் இருந்தால் காட்டன் கால்வாய் வாங்காது. வாங்காத தண்ணீர் நம் வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாகவே திரும்பி வரும். எனவே நம் ஆட்கள் பார்க்க வேண்டியது புழல் மட்டத்தை அல்ல, கால்வாய்ப் பாலத்தடியில் நாம் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் கோட்டை. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் நோட்டை எடுக்க வேண்டும். அதோடு, சாக்குப் பையில் மணல் கட்டி முதலில் அடைக்க வேண்டியது குளியலறை ஓட்டையை. பிறகுதான் வாசல்.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. நமக்கு இரண்டு நாள் ஈரமும் காற்றும்தான், விழுப்புரம் பட்டபாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று பக்கத்து முத்தியால்பேட்டையில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போன ஒரு வடமாநில இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். தேங்கிய தண்ணீர் கணுக்காலைத் தாண்டாமலே உயிர் போகும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நம் பகுதியில் மின்சாரம் பெரும்பாலும் தரைக்கடியில் கேபிளாக வருகிறது, தெருமுனையில் அதைப் பிரித்துக் கொடுக்கும் மின்பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ். அதைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பத்தடி தள்ளிப் போக வேண்டும், பிள்ளைகளை விடக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் முன்பே மெயினை இறக்கிவிடுங்கள். காலடியில் தண்ணீர் வந்த பிறகு சுவிட்சைத் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை இறக்கியதும் ஆபத்து போய்விட்டதாக நினைக்கிறார்கள். இன்வெர்ட்டர் பாட்டுக்கு வீட்டு ஒயரில் கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும்.

மேன்ஹோல் விஷயம். தண்ணீர் சீக்கிரம் இறங்கட்டும் என்று கம்பி போட்டு மூடியைத் தூக்குவதை நம் தெருவில் இனி யாரும் செய்யக் கூடாது. துறை ஆட்கள் திறந்தால், மூடும் வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். குச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது போதாது, குச்சி மிதந்து போய்விடுகிறது.

நோட்டு பலித்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்டோபர் 15 மாலை, கால்வாய் ஓரத்துக் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஆயாவைக் கூப்பிட நம் பையன்கள் மீன்பாடி வண்டியோடு போனார்கள். ஆயா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "மிக்ஜாமுக்கே நான் போவல. இதுக்கா போவப் போறேன்? நீ போப்பா." ஒரு பையன் மட்டும் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. மூலையில் தையல் மெஷின், அதன் மேல் இன்னும் கடன் இருக்கிறது. கட்டிலுக்கு நாலு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தி, மெஷினைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தினார்கள். ஆயா தானாகவே எழுந்து வந்து வண்டியில் ஏறினார். மடியில் ஒரு பிரஷர் குக்கர். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ். "கேஸ்கட் போட்டு மூடிட்டா தண்ணி போவுமா?" என்று நம்மையே கேட்டார்.  வெளியேற மறுப்பவரிடம் "உயிர் முக்கியம்" என்று கத்துவதைவிட எதை விட்டுவர மனசில்லை என்று கேட்பது சீக்கிரம் வேலைக்காகிறது. நோட்டில் அதற்கும் இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.

மழைக்குப் பிறகு சம்ப்புகளை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிகளை, சுத்தம் செய்தோம். சாக்கடை கலந்த சம்ப்பை முழுதாக இறைத்துக் கழுவாமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை. கழுவி நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்துப் பயன்படுத்தலாம். குடிப்பதற்கு எப்படியும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். வெறுங்காலில் தண்ணீரில் நின்று வேலை செய்தவர்கள் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் டாக்டரிடம் "வெள்ளத்தில் நின்றேன்" என்று சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை அவர் அப்போதுதான் யோசிப்பார்.

இனி வெயில். இதில்தான் செயற்குழுவில் எனக்கும் சிலருக்கும் கருத்து வேறுபாடு. மழைக்குச் சாக்கு, கயிறு, டார்ச் வாங்கக் கேட்டால் உடனே கையெழுத்து விழுகிறது. வெயிலுக்குக் கேட்டால் "கத்திரின்னா அப்படித்தான், புதுசா என்ன?" என்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அரசே பேரிடர் என்று சொன்ன பிறகு நாம் மட்டும் பழக்கம் என்று சொல்வது சரியில்லை.

கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, அது வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் வெப்ப அலைக் கணக்கில் வரும். அந்தக் கணக்கு எடுப்பது நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும். நம் பின்தெருவில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு என்ன சூடு என்று யாரும் அளப்பதில்லை. மேற்குக் காற்று பலமாக இருந்து கடற்காற்று வரத் தாமதமானால் கடல் பக்கத்திலேயே இருந்தும் நமக்குப் பயனில்லை. ஈரக்காற்றில் வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஃபேன் போட்டால் போதும் என்று அனல் அறையில் படுக்கும் வயதானவர்களுக்கு ஃபேன் அனலைத்தான் வீசுகிறது. உடம்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் பலன் உண்டு.

மூட்டை தூக்குபவர், தள்ளுவண்டிக்காரர், தூய்மைப் பணியாளர் யாராவது குழறிப் பேசினாலோ, ஆள் தெரியாமல் விழித்தாலோ, அது குடித்ததன் தடுமாற்றம் என்று ஒதுங்கிப் போகாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பாக்கெட்டைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். எந்த பாக்கெட் ஆனாலும் அதே ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். ஷீட் வீடுகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சங்க நிதியிலிருந்து பொருள் மட்டும் தர வேண்டும், அடிக்க நம் பையன்கள் இருக்கிறார்கள். தெருமுனைப் பந்தலில் மண்பானை வைப்பதோடு நிற்காமல் மதியம் 12 முதல் 3 வரை உட்கார நாற்காலி போட வேண்டும். மூன்றாவது, கால்வாய் தூர் வாரும் மனு. மூன்று முறை கொடுத்தும் சம்பந்தப்பட்ட துறையிலிருந்து வந்த பதில் "பரிசீலனையில் உள்ளது" என்பதுதான். கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புது மழைநீர் வடிகால்கள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வடிகாலிலிருந்து போகும் தண்ணீரை வாங்க வேண்டிய கால்வாயோ ஆகாயத்தாமரை மேல் ஆடு நடக்கும் நிலையில் இருக்கிறது. அடுத்த மனுவை மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் பதிந்து, புகார் எண் வாங்கி, அந்த எண்ணோடு நேரில் கொண்டுபோவோம். ஐப்பசிக்கு முன்பே போக வேண்டும், வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

தரைத்தள நோட்டு பொருளாளர் மேசையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் வாடகை வீடு மாறியவர்கள் பலர். டீ குடித்துவிட்டுக் கிளம்பும் முன் உங்கள் கட்டத்தைப் பார்த்துத் திருத்திவிட்டுப் போகவும். பேனா கட்டியிருக்கிறது, கழற்றிக்கொண்டு போக வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்