பேய் வேஷத்துக்கு ரப்பர் பால் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கையில் காசில்லாமல் பேய்க் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்களைப் பாராட்டி எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், தோல் உரிந்த முகத்துக்காகத் தோட்டத்திலிருந்து ரப்பர் பால் வாங்கி வந்து தடவினோம் என்று ஒரு மாணவர் சொன்னதை அப்படியே போட்டுவிட்டீர்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலுக்குப் பஞ்சமில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு இங்கே எத்தனை பேர் கேனோடு கிளம்புவார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். கோயில் திருவிழா நாடகங்களுக்கும், இப்போது பிள்ளைகளின் குறும்படங்களுக்கும் மேக்கப் போடுகிறவன் நான்.

பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். கேனின் மூடியைத் திறந்தாலே கண் எரியும். அதையா கண்ணுக்குக் கீழே பூசுவது? ரப்பர் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் தடிப்பதில் தொடங்கி மூச்சுத் திணறல் வரை போகும். புருவத்தில் பட்டுக் காய்ந்தால் முடியோடுதான் வரும். ஒரு படப்பிடிப்பில் பாதிப் புருவம் போய் ஒரு பையன் வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அவன் அம்மா வந்து கேட்டபோது பதில் சொல்ல அங்கே ஒருவரும் முன்வரவில்லை.

இவ்வளவு பாடு தேவையே இல்லை. 1960ல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறையில் ஓடிய ரத்தம் சாக்லேட் சிரப். 1973ல் ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அந்தச் சிறுமி கக்கியது பட்டாணி சூப். பெரிய கம்பெனிகளே சாப்பிடும் பொருளை நம்பித்தான் பயமுறுத்தியிருக்கின்றன.

ரத்தத்துக்கு நான் வாங்குவது கேக் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ். அதில் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி, சிவப்பு ஃபுட் கலர் சேர்க்க வேண்டும். இத்தோடு நிறுத்தினால் ரோஸ்மில்க் நிறத்தில்தான் நிற்கும், அதுவும் டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போன் கேமரா அதை இன்னும் வெளிறக் காட்டும். கோகோ பவுடரைத் தனியாக வெந்நீரில் குழைத்துத் துளித் துளியாக விட்டால், ஒரு கட்டத்தில் நிறம் சட்டென்று இறங்கி நிஜ ரத்தம் போல ஆகிவிடும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள்: ஓடும்போது ஓரம் மெலிந்து சிவப்பாகவும், நடுவில் கருஞ்சிவப்பாகவும் தெரிந்தால் சரி. உதட்டோரம் வழியவிடலாம், வாய்க்குள் போனாலும் பயமில்லை. தோலில் கறை ஏறாமலிருக்க முதலில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். எறும்பு வரும், அதற்கு மட்டும் தயாராக இருக்க வேண்டும்.

காயத்துக்கு ஜெலட்டின். அதோடு கிளிசரினும் தண்ணீரும் கலந்து, பாத்திரத்தை வெந்நீரில் வைத்து உருக்கினால் தோல் போலவே இழுபடும். சுடச்சுடப் பூசினால் வெந்துவிடும். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இளகும் என்பதால் நெருக்கமான ஷாட்களை முதலில் எடுத்துவிடுவது நல்லது. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. அதை நடிகரிடம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. வேண்டாம் என்பவருக்குக் கடல்பாசி (அகர் அகர்) இருக்கிறது. அது இழுபடாது, விண்டுபோகும். ஆனால் செத்துப்போன உடம்பின் தோலுக்கு அந்த வெடிப்பே அழகாக அமைகிறது.

கட்டுரையோடு வந்த படத்தில் வெள்ளைக் கண்ணோடு ஒரு பெண் இருந்தார். அந்த லென்ஸை ஆன்லைனில் மலிவாக வாங்கி, ஒருவர் போட்டதை அடுத்தவர் கழுவிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. கருவிழியில் கிருமித் தொற்று வந்தால் பார்வையே போகலாம். பேய்க்குக் கண் தெரிந்தே ஆக வேண்டுமா? விளக்கைப் பின்னால் வைத்து, தலையைச் சற்றுக் குனியச் சொன்னால் கண் இருக்கும் இடம் இருட்டாகிவிடும். செலவும் இல்லை. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். 1978ல் வந்த படம், இன்றும் எங்கள் ஊரில் அந்தக் காட்சியைச் சொல்லிப் பயப்படுகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது அதில்.

அந்த மாணவர்களை அடுத்த இணைப்பிலும் எழுதவையுங்கள், அவர்களிடம் விஷயம் இருக்கிறது. கூடவே ஒரு கண் மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் நாலு வரி கேட்டு வாங்கி, அதே பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, ரப்பர் பால் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையாவது இந்த வாரமே வர வேண்டும். கல்லூரி ஆண்டு விழாக்கள் நெருங்கிவிட்டன.

இப்படிக்கு,
நாடக ஒப்பனைக்காரர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.