போட்டோவின் கோளாறையும் சேர்த்து வரைய வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாசகர்களின் நீர்வண்ணப் படங்களுக்கு இடம் தருகிறீர்கள், மகிழ்ச்சி. அவற்றில் பல செல்போன் போட்டோவைப் பார்த்து வரைந்தவை என்பது பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. தாமே எடுத்த போட்டோவை வைத்து வரைவதில் தவறே இல்லை. கேமரா செய்த கோளாறையும் சேர்த்து வரைந்துவிடுவதுதான் சிக்கல்.

கோபுரப் படங்களையே எடுத்துக்கொள்வோம். கோபுரம் இயல்பாகவே மேலே போகப்போகக் குறுகும். தெருவில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் இன்னும் ஒடுங்கி மல்லாந்து சாயும். இருபுறக் கடைச் சுவர்களும் உள்ளே சரியும். நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, 2எக்ஸ் ஜூம் வைத்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். கீழே தரை அதிகமாக விழும், வெட்டிவிடலாம். குறுகலான சன்னதித் தெருவில் இது நடக்காது. அங்கே வரையும்போதே மின்கம்பத்தையும் சுவர் ஓரத்தையும் ஸ்கேல் வைத்து நிமிர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, நிழல். வெயில் பட்ட சுவருக்கு ஏற்ப போன் வெளிச்சத்தைக் குறைக்கும்போது கோபுர வாசல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். நேரில் பார்ப்பவருக்கோ உள்ளே இருக்கும் தூண்கூடத் தெரியும். ஒரே இடத்தில் நின்று, திரையில் வானத்தைத் தொட்டு ஒரு படம், வாசல் இருட்டைத் தொட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டால் இரண்டும் கைக்கு வரும். கறுப்பு வண்ண வில்லையைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் வாசல் இருட்டு தயார். வெள்ளைச் சுவரில் விழும் நிழலைப் போட்டோ வெறும் சாம்பலாகக் காட்டும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த நிழலில் நீலம் இருக்கும். தரையை ஒட்டிய பகுதியில் வெயில் பட்டுத் திரும்பும் மண்நிறம் ஏறியிருக்கும். நீலத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் அடியில் சியன்னாவைத் தொட்டுவிட்டால் இரண்டும் தானாகக் கலந்துகொள்ளும்.

போட்டோவைத் தாளுக்கு மாற்றக் கார்பன் தாள் வைக்கிறார்கள். அதன் மெழுகுக் கோட்டில் வண்ணம் ஒட்டாது, ரப்பருக்கும் போகாது. போட்டோவிலும் தாளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவதே மேல். 10×15 செ.மீ. பிரிண்டில் 2.5 செ.மீ. கட்டமாக 24 வரும். ஏ4 தாளின் விகிதம் வேறு என்பதால் முழுத்தாளுக்கும் இழுக்காமல், உள்ளே 18×27 செ.மீ. சட்டம் போட்டு 4.5 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் அதே 24. எச்பி பென்சிலை அழுத்தாமல் பிடியுங்கள். அழுத்தித் தேய்த்து அழித்த இடத்தில் தாளின் மேற்பரப்பு கிளம்பி, வண்ணம் திட்டாக இறங்கும்.

தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வேண்டும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளியும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

பிரஷைத் தொடுமுன் போட்டோவைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றி, எது வெறும் தாளாக நிற்கும் வெள்ளை, எது நடுத்தரம், எது அடர்த்தி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணம் பூசி இழந்த வெள்ளையைப் பிறகு மீட்பது கடினம். காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால் கண்ணுக்குப் பட்டதைவிட ஒரு படி அடர்த்தியாகக் கலக்க வேண்டும். வானத்தில் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழுவதற்குக் காரணம், பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர் சொட்டும் பிரஷை வைப்பது. மினுமினுப்புப் போனாலும் புறங்கையை வைத்தால் சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இனி ஓவியத்தோடு அவர்கள் எடுத்த மூலப் போட்டோவையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள். எதைத் திருத்தினார்கள் என்பது மற்றவர்களுக்குப் பாடமாகும். இணையத்தில் எடுத்த பிறர் போட்டோவை வரைந்து அனுப்புவதும் குறையும். அந்தப் போட்டோவுக்குக் காப்புரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்