மரை வத்தலும் கட்டுத்துவக்கும்

ஆசிரியருக்கு,

போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு பிறந்தநாள் விருந்து. சட்டியைத் திறந்தவுடனேயே மணத்தில் தெரிந்துவிட்டது, மரை வத்தல், காட்டு மரைமானின் காயவைத்த இறைச்சி. "வன்னியிலிருந்து பஸ்ஸில் வந்தது அக்கா, இப்ப காசு கொடுத்தாலும் கிடையாது" என்று வீட்டுக்காரத் தம்பி ஆசையோடு பரிமாற வந்தார். வேண்டாமென்றேன். "கோழி சாப்பிடுறீங்கள்தானே, அது மட்டும் உயிரில்லையா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நாலு பேர் சாப்பிடும் இடத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் நெடுங்கேணிப் பக்கம் பிறந்தவள். அப்பா வேட்டைக்குப் போகிறவர். கோடையில் குளம் வற்றி ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, பரண் கட்டி இரவிரவாக இருப்பார். குட்டியோடு வருவதைச் சுடமாட்டார். ஒருமுறை வெடிபட்ட பன்றி ஓடிவிட்டது. விடியும்வரை இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போய், அதன் உயிர் போனபிறகுதான் வீட்டுக்கு வந்தார். காலில் முழுக்க முள். வேட்டை நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. தான் கொன்றதை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

கட்டுத்துவக்குக்குக் கண் கிடையாது. கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. மிருகம் நடக்கும் தடத்தில் துவக்கை மரத்தோடு கட்டி, விசையிலிருந்து குறுக்கே நூல் இழுத்துவிட்டு ஆள் போய்விடுவார். நூலில் கால் பட்டால் வெடிக்கும். வந்தது பன்றியா, சினை மரையா, மனிதனா என்று பார்க்க அங்கே யாருமில்லை. என் சித்தப்பா மகன் தேன் எடுக்கப் போனவர். இன்று அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

சுருக்குக் கம்பியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் தோட்டத்துக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடுதான் மீட்டார்கள், சில நாளில் செத்துப்போனது. பன்றிக்கென்று தீனிக்குள் வெடி வைக்கிறார்களே, அதைக் கடிக்கும் யானைக்குட்டிகள் வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன.

மரையும் மானும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் அடங்கியவை. அந்த இறைச்சியை விற்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், வன்னியில் வயிற்றுப்பாட்டுக்குக் காட்டுக்குப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விருந்துக்கென்று ஓடர் கொடுக்கும் நாங்கள் பசியில் கொடுக்கவில்லை.

கோழிக்கும் உயிர் இருக்கிறது தம்பி. அவற்றைக் கூட்டில் நெருக்கி வளர்ப்பது எனக்கும் உறுத்துகிறது, அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் கோழியை அறுப்பவர் பக்கத்தில் நிற்கிறார், கொஞ்ச நேரத்தில் அது முடிந்துவிடும். அடுத்த பார்சல் வருமுன் அனுப்புகிறவருக்கு ஒரு போன் எடுத்து, இந்த மரை எப்படி விழுந்தது, சாக எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06