தம்புராவும் ஒரு துண்டு நூலும்

அன்புள்ள ராஜு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மூட்டுவலிக்குத் தைலத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் போய்ப் பார்.

விஷயம் இதுதான். அத்தையின் தம்புரா என்னிடம் வந்துவிட்டது. தந்தி மாற்றி, பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்தும் நாதம் வரவில்லை. தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் ஜீவா, அதாவது தந்திக்கு அடியில் வைக்கும் நூல், இல்லை! பஞ்சு நூல் ஒன்றைத் தந்திக்கு அடியில் கொடுத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஓரிடத்தில் திடீரென்று குடமே விழித்துக்கொண்டது. ஒரே தந்திக்குள், அதன் சொந்த ஸ்வரமான ஆதார ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம், பஞ்சமம், அதற்கும் மேலே அந்தர காந்தாரம்!

காலேஜில் தந்திதான் பாடுகிறது என்று சண்டை போட்டாயே, நினைவிருக்கிறதா? அவ்வளவு மெல்லிய கம்பியால் எவ்வளவு காற்றைத் தள்ள முடியும்? அதன் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்தால்தான் நமக்குக் கேட்கும்.

இப்போது இதைக் கேள். தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் மேல் ஷட்ஜம் பிறக்கவே கூடாது. மீட்டிய இடத்தில் அசையாமல் நிற்கவேண்டிய ஸ்வரம் எழாது என்பது ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் 1800-இல் சொன்ன விதி. நூலை எடுத்துவிட்டு நடுவில் மீட்டி, உடனே அதே இடத்தை விரலால் தொட்டேன்; சத்தம் அடங்கிவிட்டது. நூலை வைத்து அதையே செய்தேன். ஆதார ஷட்ஜம் செத்தது, மேல் ஷட்ஜம் மட்டும் நின்று பாடியது! எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

1921-இல் சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். குதிரையின் மேல்பக்கம் வளைவாக இருப்பதால், தந்தி ஒவ்வொரு அசைவிலும் அதில் படிந்து படிந்து எழுகிறது. அந்த உரசலில், இல்லாத ஸ்வரங்களுக்கும் சக்தி போய்ச் சேர்கிறது. கிதாரில் தந்தி மெல்லிய விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் இந்த ரீங்காரம் கிடையாது. நூல் வேலை செய்வது தந்தி வளைவைத் தொடும் இடத்தில்தான். கொஞ்சம் தள்ளினாலும் போய்விடும்.

ராஜு, கண் மங்கிய பிறகும் அத்தை தடவித் தடவியே அந்த இடத்தைப் பிடித்துவிடுவாள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளாமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. உன் மாடியில் உறையோடு கிடக்கும் வீணையின் மேளத்தில், அதாவது மெட்டுகளைப் பதித்திருக்கும் இடத்தில், மெழுகு பெயர்ந்திருக்கும். இனியும் தள்ளிப்போடாதே, ஆள் பார்த்துக் கட்டி வை. பொங்கலுக்கு வரும்போது கொஞ்சம் பட்டு நூல் வாங்கி வா. அதையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சேது