பாட்டியின் மைலோ டின்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தியது தப்பு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலைக்கு மாறப் போகிறேன் என்று நீ சொன்னதும், "8,000 வெள்ளி சம்பளத்தை விட்டுட்டு 3,500க்குப் போறியா, வக்கீலுக்குப் படிக்க வெச்சது இதுக்கா?" என்று கேட்டுவிட்டு நானே போனையும் வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் அலமாரி மேலிருந்த பாட்டியின் மைலோ டின்னை இறக்கினேன்.

உள்ளே குடியுரிமை மனுவின் நகல்கள், ரசீதுகள், தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்த ஒரு கடிதம். மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. பாட்டி இதே மலேசியாவில், சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது அடுத்த வீட்டுக் கிழவி, யாரும் போய்ப் பதியவில்லை. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு முன் பிறந்த பலர் மனு போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. விடியும் முன்னே பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? தாத்தாவிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருந்ததால் நான் பிறந்தபோது எனக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. ஒரே வீட்டில் பெற்றவளுக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை, பிள்ளைக்கு நீலம்.

2013 பொதுத்தேர்தலில்தான் முதல் தடவையாக விரலில் மை வைத்தார்கள். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். பாட்டி காலையிலேயே குளித்து, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்து, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் என் விரலைப் பிடித்து, மை தன் கையில் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இறப்பைப் பதியப் போன இடத்தில் அந்தச் சிவப்பு அட்டையை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பிறை ஊரில் இருக்கும் அந்தப் பையனைப் பற்றி நீ சொன்னாய். அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாததால் குடியுரிமையில் அவன் அம்மா வழியைப் பின்பற்ற வேண்டும், அம்மாவுக்கோ குடியுரிமை இல்லை, அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் போடும் மனுவுக்கு வயது வரம்பு இருக்கிறது, அது தாண்டுவதற்குள் எல்லாக் காகிதத்தையும் சேர்க்கணும்பா என்றாய். நான் அதைக் காதில் வாங்காமல் மனதுக்குள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 31 வருடம், ஓவர்டைம் இல்லாத மாதம் வந்தாலே எனக்கு வயிறு கலங்கும். அந்தப் பயத்தைத்தான் உன் மேல் கொட்டிவிட்டேன், கண்ணு.

போ. ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போ. இப்போது உன் பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 12 விழுக்காடும் சேர்ந்து இபிஎப் சேமநிதியில் மாதம் 1,840 வெள்ளி விழுகிறது. 3,500 சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு போட்டாலும் 840தான் வரும். மாதம் சரியாக 1,000 வெள்ளி உன் வயதான காலத்திலிருந்து குறைகிறது. அது இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. பிடிபிடிஎன் படிப்புக் கடனை நிறுத்தாமல் கட்டு, 6 மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு ராஜினாமா கடிதம் கொடு. அப்புறம், நல்ல காரியம் என்று சொல்லியே இராப்பகலாக வேலை வாங்குகிற இடங்களும் உண்டு. லீவு, வேலை நேரம் எல்லாவற்றையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கப் போகிறவள் நீ, உனக்கும் எழுதி வாங்கு.

வீட்டுக்கு அனுப்பும் 500 வெள்ளி இனி வேண்டாம். எங்களுக்கு இருப்பது போதும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவளுக்கு உன் சம்பளத்தைவிட நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை.

டின்னில் ஒரு பதில் கடிதமும் இருக்கிறது. மனு நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி, காரணம் எழுதவில்லை. அன்றைக்கு அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டேன். நீ வந்து எல்லாவற்றையும் ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பார். பாட்டி விஷயத்தில் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எத்தனை மணி ரயில் என்று சொல். பட்டர்வொர்த் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

அப்பா