பூங்கா இணைப்புப் பாதைகள் சாலையோரம் அறுபடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நடை, சைக்கிள் பாதைகளான சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில்தான் தொடங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் காலாங் ஆற்றோரம் உருவாகத் தொடங்கிய இக்கட்டமைப்பு இன்று 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுள்ளது. தீவைச் சுற்றிவர 150 கிலோமீட்டர் பாதையும் திட்டமிடப்பட்டு, பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு வருகிறது. நிலத்துக்கு இத்தனை நெருக்கடி உள்ள ஊரில் இது சிறிய சாதனையன்று. எனினும் ஒரு பாதை எத்தனை இடங்களில் சாலையை எதிர்கொண்டு அறுபடுகிறது என்ற கணக்கையும் நீளத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தப் பாதைகளுக்கென்று புதிதாக நிலம் ஒதுக்கப்பட்டது குறைவு. கால்வாய்களின் ஓரத்தில் பராமரிப்புக்காக விடப்பட்டிருந்த ஒடுங்கிய நிலமும், எம்ஆர்டி ரயில் மேம்பாலங்களுக்குக் கீழே கிடந்த இடமும், சாலையோரத் துண்டுகளுமே அவற்றுக்குப் பயன்பட்டன. சும்மா கிடந்த நிலத்தை நடைக்குத் திருப்பிவிட்ட அந்த யோசனை மிக நல்ல யோசனை. ஆயினும் இன்றைய சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கால்வாய்க்கு மேல் சாலைப் பாலம் அமைக்கும்போது தண்ணீர் போவதற்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவே விட்டார்கள். ஆள் நடந்துபோக இடம் விட வேண்டிய அவசியம் அன்று யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. அதனால் கால்வாயோரமாக வரும் பாதை பல பாலங்களின் அருகில் மேலேறிச் சாலைக்கு வந்துவிடுகிறது. அங்கே தடுப்புக் கம்பி. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லுமாறு ஓர் அறிவிப்புப் பலகை. எதிர்ப்புறத்தில் பாதையின் தொடர்ச்சி கண்ணெதிரே தெரியும். ஆனால் அதை அடைய, சாலையோரமாகவே நடந்து அடுத்த சமிக்ஞை விளக்குக்குப் போய், கடந்து, மீண்டும் அத்தனை தொலைவு திரும்பி வர வேண்டும். எங்கள் பேட்டையில் சக்கர நாற்காலியில் மாலை நேரம் அழைத்துவரப்படும் மூத்தோர் பலர் அந்தத் தடுப்புக் கம்பி வரை வந்து, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். வரைபடத்தில் பாதை தொடர்கிறது. அவர்களுக்கு அது அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழைய ரயில் பாதையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு நன்றாக விளங்கும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலேசிய ரயில்வேயிடம் இருந்த அந்த நிலம் 2011 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூர் வசம் வந்தது. அதைத் துண்டாடாமல் 24 கிலோமீட்டர் பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் அதற்கு முன்பே குரல் கொடுத்திருந்தனர். இன்று புக்கிட் தீமா வட்டாரத்தில் அத்தடத்தில் நடப்பவர், பழைய இரும்புப் பாலத்தின் மேலேறி, கீழே ஓடும் வாகனங்களுக்காகக் காத்து நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். ரயில் நிற்கக்கூடாது என்பதற்காக அன்று போட்ட பாலம் அது. (மலாயாவின் ரயில் தடங்களில் எத்தனை தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) ரயிலுக்குத் தந்த அந்த முன்னுரிமையை நடப்பவர்களுக்கும் தர இயலாதா?

இயலும் என்பதற்குப் பீஷான் - அங் மோ கியோ பூங்காவே சான்று. அங்கே சுமார் 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கால்வாயைக் கவனிக்கும் பொதுப் பயன்பாட்டுக் கழகமும் பூங்காவைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகமும் இரண்டையும் ஒரே வேலையாகப் பார்த்ததால்தான் அது நடந்தது. கனமழையில் நீர்மட்டம் உயரும்போது எச்சரிக்க, உணர்கருவிகளும் விளக்குகளும் ஒலிபெருக்கியும் அங்கே உள்ளன. கால்வாயோரமாகப் பாலத்துக்கு அடியில் நடைவழி அமைத்தால் வெள்ளம் புகுமே என்று கேட்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பதிலாகும். முழுப் பதில் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் பாலம் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. அங்கெல்லாம் மேலே பாலம் கட்டுவது அல்லது சாலையையே மெதுவாக்குவது தவிர வேறு வழியில்லை.

காலாங் ஆற்றோரப் பாதையில் இத்தகைய தடைகளை மேம்பாலங்களாலும் சுரங்கப்பாதைகளாலும் நீக்கும் எண்ணத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இலேயே வெளியிட்டது. ஆற்றின் இருபுறமும் 2 கிலோமீட்டருக்குள் சுமார் 8 லட்சம் பேர் வசிப்பதாகவும் அப்போது சொல்லப்பட்டது. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் பெருஞ்செலவு பிடிக்கும் கட்டுமானம் எல்லாப் பாதைகளுக்கும் வரும்வரை மற்ற வட்டாரத்தினர் காத்திருக்க வேண்டுமா? பாதை சாலையைத் தொடும் அதே இடத்தில் கடப்பிடம் அமைப்பது, அக்கடப்பிடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்துவது, மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் விநாடிகள் எரியும் ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதியை அங்கே பொருத்துவது ஆகியவை ஏற்கனவே நம்மிடம் பழக்கத்தில் உள்ளவையே. இவற்றால் வாகனங்கள் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஏற்கலாம் என்பது என் கருத்து.

2030ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது அரசின் பசுமைத் திட்ட இலக்கு. அந்த 10 நிமிடம் யாருடைய நடைக்குக் கணக்கிடப்பட்டது, சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமும் அதில் அடங்குமா என்பதைச் சம்பந்தப்பட்ட அமைப்புகள் விளக்கினால் நன்றாக இருக்கும். அதோடு, ஒவ்வொரு இணைப்புப் பாதையும் எத்தனை இடங்களில் சாலையைக் கடக்கிறது, அவற்றுள் எத்தனை இடங்களில் சுற்றிப் போகாமல் நேராகக் கடக்கலாம் என்ற விவரத்தையும் வட்டாரவாரியாக வெளியிட வேண்டுகிறேன். எந்தக் கடப்பிடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்தந்தப் பேட்டைவாசிகளே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ