பறவைத் தீனித் தொகுப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
புளியரை, செங்கோட்டை வட்டம்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: ‘குளிர்காலப் பறவைத் தொகுப்பு’க்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும், அந்தச் சரக்கை விற்பனையிலிருந்து எடுக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். அக்டோபர் முதல் வாரம் 1,850 ரூபாய் கட்டி உங்கள் தொகுப்பை வாங்கினேன். தொங்கவிடும் தீனிக்கூடு ஒன்று, 5 கிலோ கலப்புத் தீனி, நான்கு கொழுப்புக் கட்டிகள், ஒரு வழிகாட்டித் தாள். என்னை வாங்க வைத்தது பெட்டியின் மேல் இருந்த படம். ஆறுமணிக்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து விதை தின்பதுபோல் அச்சிட்டிருக்கிறீர்கள்.

ஆறுமணிக்குருவி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி பிறக்கும் முன்னேபின்னே எங்கள் புறவாசலுக்கு வந்துவிடும். கிணற்றடிப் பலாமரத்தின் கீழே காலை ஆறு மணிவாக்கிலும் மாலை ஆறு மணிவாக்கிலும் இரண்டு சீழ்க்கை. சத்தம் வந்த பக்கம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், பச்சை முதுகும் வாலடியில் குங்குமச் சிவப்புமாகத் தத்தித் தத்தி வரும். அலகால் சருகைப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் பொறுக்கும். அது விதை தின்று நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய நிறுவனம் படம் போட்டு விற்கிறதே, தின்னும் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நம்பினேன். ஈப்பிடிப்பானும் அப்படித்தான். பேரிலேயே இருக்கிறது, பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடிக்கும். இரண்டும் உங்கள் கூட்டை ஏறெடுத்தும் பார்க்காது.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கூட்டின் கீழே சருகு சேரவிடாமல் தினமும் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் பரவும் என்று உங்கள் தாளில் இருக்கிறது. கூட்டைப் பலாமரத்தில் கட்டியிருந்தேன். அதனால் கிணற்றடி முழுவதையும் வழித்துப் பெருக்கினேன். அம்மா காலத்திலிருந்து துடைப்பம் படாமல் விட்டிருந்த மூலை அது. அதற்கு நான்கு நாள் முன்புதான் முதல் சீழ்க்கை கேட்டிருந்தது. பெருக்கிய பிறகு இரண்டு நாள் கேட்டது, அப்புறம் இல்லை. இப்போது பக்கத்துத் தோப்பிலிருந்து கேட்கிறது.

எங்கள் ஊர் ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கத்து அடிவாரம். ஆனி ஆடியில் கேரளத்து மழை கணவாய் வழியாகச் சாரலாக வரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. இங்கே குளிர்காலம் நெருங்குகிறது என்றால் அடைமழை என்று அர்த்தம். பனியில் பூச்சிகள் செத்துப் பறவைகள் பட்டினி கிடக்கும் என்று தாளில் எழுதியிருப்பது எந்த நாட்டுக்கோ பொருந்தும். இங்கே மழைக்குப் பூச்சி பெருகும். அதைத் தேடித்தான் இந்த விருந்தாளிகள் இவ்வளவு தூரம் வருகின்றன. கொழுப்புக் கட்டி ஒரு வெயில் தாங்கவில்லை. மதியத்துக்குள் உருகிக் கிளையெல்லாம் வடிந்து எறும்பு மொய்த்தது. அந்தப் பிசுக்கு இறகில் ஒட்டினால் பறவை மழையில் நனைந்து விறைத்துப்போகும். அன்றே எடுத்துப் புதைத்துவிட்டேன்.

மிகவும் கவலைப்பட வேண்டியது தீனி. கூட்டின் தட்டில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. இரண்டே நாள் மழையில் அடியில் நீர் தேங்கி, கம்பு முளைவிட்டு, சூரியகாந்தி விதையும் உடைத்த நிலக்கடலையும் ஒரே கட்டியாகிவிட்டன. விரலால் பிட்டால் உள்ளே சாம்பல் பச்சையில் பூஞ்சணம். சரி, மழைதான் காரணம் என்று வீட்டுக்குள் வைத்திருந்த பையைத் திறந்தேன். நனையாத அந்தத் தீனியிலும் கடலைத் துண்டுகளில் அதே பச்சை, அதே சிக்கு வாடை. பையில் அடைத்த தேதியும் இல்லை.

பூஞ்சணம் பிடித்த கடலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தேடியபோது அகப்பட்டது அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கு. அதிலிருந்த பூஞ்சண நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பேர் வைத்தார்கள். தீவனம் விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

கூட்டிலிருந்து சிந்தியதைப் பொறுக்க இரண்டு புள்ளிப்புறாக்கள் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் சாயங்காலம் அதில் ஒன்று செம்பருத்திச் செடி அடியில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனேன், பறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது அங்கேயே கிடந்தது. உங்கள் தீனியால்தான் செத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தீனியைத் தட்டில் வைத்தது என் கை. அன்றைக்கே கூட்டைக் கழற்றிவிட்டேன்.

உங்கள் சேவை மையத்துக்கு மூன்று முறை பேசினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். உபயோகித்த பொருளுக்குப் பணம் தர முடியாது, அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. தள்ளுபடி எனக்கு வேண்டாம். 1,850 ரூபாயை முழுவதும் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், இதே சரக்கு வேறு வீடுகளுக்குப் போகாமல் நிறுத்துங்கள். விதை தின்னாத பறவைகளின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். சில்லை போன்ற விதை தின்னும் சிறு குருவிகளுக்கும் புறாவுக்கும் ஏற்ற தீனி என்று உள்ளதைச் சொல்லி விற்றாலே வாங்க ஆள் இருக்கிறது, நானே வாங்கியிருப்பேன். தட்டில் துளையும் மேலே அகலமான கூரையும் வையுங்கள். சருகைப் பெருக்கச் சொல்லும் வரியை மாற்றி, கூட்டை ஒரு பக்கம் கட்டி மற்ற இடத்தில் சருகை அப்படியே விடச் சொல்லுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ரசீது, படங்கள், உங்கள் பதில் எல்லாம் கையில் இருக்கின்றன. மீதித் தீனி 3 கிலோவுக்கு மேல் இருக்கிறது. எந்தப் பறவைக்கும் எட்டாதபடி தகர டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
புளியரை.